தொடக்கப்பள்ளிக் கணக்குப் புத்தகங்களை ஒப்பிட்டுப் படிப்பது எப்படி: வடிவியலில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், தொடக்கப்பள்ளிகளிலோ மாலை நேர வகுப்புகளிலோ புதிதாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருப்பவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புக் கணக்கு நூல்களின் முதல் பருவத்தில் வடிவியலே முதல் அலகாக நிற்கிறது. எனவே பள்ளி திறந்தவுடன் புதிய ஆசிரியர் கையில் எடுக்கும் முதல் கணக்குப் பாடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். அந்தப் பாடத்தை நம் புத்தகம் ஏன் இந்த வரிசையில் சொல்கிறது, வேறோர் ஊரின் புத்தகம் அதையே எங்கே தொடங்குகிறது, எதை முன்னால் வைத்து எதைப் பின்னால் தள்ளுகிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு, பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒப்பிட்டுப் படிப்பதன் பயன் இதுதான். எந்த நாட்டுப் புத்தகம் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று வரிசைப்படுத்தும் எண்ணம் இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது. அது வகுப்பறைக்கு எந்த வகையிலும் உதவாது.

முதல் படி: ஒரே ஒரு கருத்தைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாகத் தொடங்குபவர்கள் பலரும் பொருளடக்கத்தைப் பொருளடக்கத்தோடு ஒப்பிடுகிறார்கள். இங்கே கோணம் ஐந்தாம் வகுப்பில் வருகிறது, அங்கே நான்காம் வகுப்பில் வருகிறது. இங்கே சமச்சீர் உண்டு, அங்கே இல்லை என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்பில் எதையும் வேறு விதமாகச் செய்ய முடியாது. ஆகவே கோணம், செவ்வகம், வட்டம், சமச்சீர், பரப்பளவு ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தக வரிசையில் அந்தக் கருத்து முதன்முதலில் பெயரே இல்லாமல் எந்தப் பக்கத்தில் தலைகாட்டுகிறது, எந்தப் பக்கத்தில் பெயர் பெறுகிறது, எப்போது அளக்கப்படுகிறது, எப்போது அதைக் கொண்டு காரணம் சொல்லும்படி பிள்ளையிடம் கேட்கப்படுகிறது என்னும் நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் வருவதற்கு முன்பு பிள்ளையின் கை என்ன செய்தது என்பதை ஒவ்வொரு புத்தகத்திலும் தேடுங்கள். மடித்ததா, வெட்டியதா, அடுக்கியதா, சுற்றிக் கோடு இழுத்ததா, அல்லது படத்தைப் பார்த்துப் பெயர் எழுதுவதோடு நின்றுவிட்டதா என்பதில்தான் புத்தகங்களுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதல் முறை செய்பவருக்குக் கோணத்தைப் பரிந்துரைப்பேன். அது எல்லாப் புத்தக வரிசைகளிலும் இருக்கிறது. அணுகும் விதத்தில் மட்டும் தெளிவாக வேறுபடுகிறது.

இரண்டாம் படி: புத்தகங்களைத் திரட்டுதல்

நம் மாநிலத்து நூல்கள் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தால் உருவாக்கப்பட்டு, தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தால் வெளியிடப்படுபவை. இப்போது கையில் இருக்கும் வரிசை 2018-19ஆம் கல்வியாண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மூன்று பருவ நூல்களையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஒரு பருவ நூலை மட்டும் புரட்டிவிட்டு இந்தக் கருத்து இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தையும் எண்ணையும் கற்பிக்க 2022-23இல் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பிள்ளை எழுதுவதும் ஒட்டுவதும் அந்த நூல்களில் நடப்பதால், பாடநூலை மட்டும் படித்தவருக்கு நம் மாநிலத்துப் பாதி வேலை கண்ணில் படாது.

அடுத்து என்.சி.இ.ஆர்.டி. என்னும் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் நூல்கள். அவற்றில் இரண்டு தலைமுறைகள் உண்டு. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவைத் தொடர்ந்து வந்த 'மேத் மேஜிக்' வரிசை முந்தையது. மூன்றாம் வகுப்புக்கு 2024இலும் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு 2025இலும் வந்த 'மேத்ஸ் மேளா' பிந்தையது. இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளியில் தன் அணுகுமுறையை எப்படி மாற்றிக்கொண்டது என்பதைப் பார்ப்பதும் ஓர் ஒப்பீடுதான். இரு நாடுகளை ஒப்பிடுவதை விடவும் அதில் சில சமயம் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது.

மூன்றாவதாக இலங்கையின் தமிழ்வழி நூல்கள். தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் தலைமன்னாரில் நம் மொழியிலேயே கணக்குப் படிக்கும் பிள்ளைகளின் புத்தகம் நமக்குப் பெரும்பாலும் தெரியாமலே இருக்கிறது என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. அங்கே கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அந்நூல்களை வெளியிட்டு இலவசமாக வழங்குகிறது, இணையத்திலும் இறக்கிக்கொள்ளலாம்.

சிங்கப்பூரின் தொடக்கநிலைப் பாடத்திட்டம் அந்நாட்டுக் கல்வி அமைச்சின் தளத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. ஜப்பானில் தனியார் பதிப்பகங்கள் நூல்களை எழுதுகின்றன. கல்வி அமைச்சு அவற்றை ஆய்ந்து ஒப்புதல் அளிக்கிறது. கட்டாயக் கல்விப் பருவத்துப் பிள்ளைகளுக்கு அவை இலவசம். அவற்றுள் சிலவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் 2010இல் வெளியான பொது அடிப்படைத் தரநிலைகளை ஏற்றுக்கொண்டன. அந்த ஆவணம் பாடநூல் அன்று. எந்த வகுப்பில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல். பாடத்திட்டத்தைப் பாடத்திட்டத்தோடும் பாடநூலைப் பாடநூலோடும்தான் அருகருகே வைக்க வேண்டும். பல ஒப்பீடுகள் பிசகுவது இந்த இடத்தில்தான். ஜப்பானின் ஒரு பதிப்பக நூலைப் படித்துவிட்டு 'ஜப்பானியர் இப்படிச் செய்கிறார்கள்' என்று எழுதிவிடுவதும் அதே வகைப் பிழை.

மூன்றாம் படி: வகுப்பு எண்ணைப் பார்க்காமல் வயதைப் பார்த்தல்

இது சிறிய வேலை. ஆனால் விட்டுவிட்டால் எல்லாமே தவறாகிவிடும். தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த பிள்ளை முதல் வகுப்பில் சேர்கிறது. ஜப்பானில் ஆறு வயது நிறைந்த பின்பு, ஏப்ரலில் தொடங்கும் கல்வியாண்டில் சேர்கிறது. சிங்கப்பூரில் ஏழு வயதாகும் ஆண்டில் தொடக்கநிலை ஒன்று தொடங்குகிறது. ஆகவே சிங்கப்பூரின் மூன்றாம் நிலைப் பாடத்தை நம் மூன்றாம் வகுப்பை விட நம் நான்காம் வகுப்போடு வைத்துப் பார்ப்பதே நியாயம். குறிப்பேட்டின் இடது ஓரத்தில் வகுப்புக்குப் பதிலாக வயதை எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: கோணத்தைப் பின்தொடர்தல்

கோணத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. இரு கோடுகள் சந்திக்கும் மூலை ஒரு முகம். ஒரு கோடு ஒரு புள்ளியைப் பற்றிக்கொண்டு எவ்வளவு திரும்பியது என்னும் திருப்பம் இன்னொரு முகம். மூலை அசையாமல் தாளில் கிடக்கும். திருப்பம் நிகழ்ந்து முடிந்துவிடும். அது நிகழும்போதே பார்க்க வேண்டும். எந்தப் புத்தகம் எந்த முகத்தை முதலில் காட்டுகிறது என்று பாருங்கள்.

ஜப்பானில் இரண்டாம் வகுப்பிலேயே செங்கோணம் வந்துவிடுகிறது. பாகையோ கோணமானியோ அங்கே இல்லை. ஓரம் ஒழுங்கற்ற ஒரு தாளைப் பிள்ளை ஒருமுறை மடித்து, அந்த மடிப்புக் கோடு தன்மேலேயே படியுமாறு இன்னொரு முறை மடிக்கிறது. அப்போது கிடைக்கும் மூலைக்குப் பெயர் செங்கோணம். அந்த மடித்த தாளே ஒரு கருவியாகிவிடுகிறது. அதை மேசை மூலையிலும் புத்தக மூலையிலும் வைத்துப் பார்த்த பிறகு, நான்கு மூலையும் இதனோடு பொருந்தும் நாற்கரம் செவ்வகம் என்று வரையறை வருகிறது. பாகையில் அளப்பது நான்காம் வகுப்பில்தான். பெயருக்கும் அளவைக்கும் நடுவில் இரண்டு ஆண்டு இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். அந்த இடைவெளியில் பிள்ளை கோணத்தை எண்ணாக நினைக்காமல் பொருளாகவே கையாண்டு பழகுகிறது.

சிங்கப்பூரில் மூன்றாம் நிலையில் கோணம் அறிமுகமாகிறது. செங்கோணத்தை விடப் பெரிதா சிறிதா என்று ஒப்பிடுவதோடு நிற்கிறது. செங்குத்துக் கோடுகளும் இணைகோடுகளும் உடன் வருகின்றன. நான்காம் நிலையில் கோணமானி. ஐந்தாம் நிலையில் முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதும், அதைக் கொண்டு தெரியாத கோணத்தைக் கண்டுபிடிப்பதும். பொருள், படம், குறியீடு என்னும் மூன்று கட்ட வரிசையை அந்நாட்டுப் பாடத்திட்டம் 1980கள் முதல் கடைப்பிடித்து வருவது இதில் தெரியும். அமெரிக்கத் தரநிலை கோணத்தை நான்காம் வகுப்பில் அளக்கச் சொல்கிறது. ஒரு முழு வட்டத்தின் 360இல் ஒரு பங்கு திரும்புவதே ஒரு பாகை என்று திருப்பத்தையே அளவையின் அடிப்படையாக வைக்கிறது.

என்.சி.இ.ஆர்.டி.யின் முந்தைய ஐந்தாம் வகுப்பு நூலில் கோணப் பாடத்தின் தலைப்பே வடிவங்களும் கோணங்களும் என்பதுதான். தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வுக் குழாய்த் துண்டுகளையும் கோத்து வடிவங்கள் செய்து, அவற்றை அழுத்திப் பார்க்கும் செயல் அதில் இருக்கிறது. நாற்கரம் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. வடிவத்தின் உள்ளே கோணம் மாறுவதைக் கை உணர்கிறது. 2025இன் புதிய நூலில் அந்தப் பாடத்தின் தலைப்பு கோணங்கள் திருப்பங்களாக என்று மாறிவிட்டது. மூலையிலிருந்து திருப்பத்துக்கு வந்திருக்கிறார்கள். இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். எனினும் பழைய நூலின் வால்வுக் குழாய்ச் செயலைக் கைவிட வேண்டியதில்லை, அதையும் சேர்த்தே நடத்துங்கள்.

பாம்பன் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு முகங்களையும் காட்ட வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில், கப்பல் வரும்போது நடுவிலிருந்த இரு பகுதிகளும் தத்தம் முனையில் உருண்டு சுழன்று மேலே எழுந்தன. கிடந்த நிலைக்கும் எழுந்த நிலைக்கும் இடையில் ஒரு கோணம் திறந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே நேராக மேலே தூக்கப்படுகிறது; அது எவ்வளவு உயர்ந்தாலும் தண்டவாளத்தின் திசை மாறுவதில்லை, ஆகவே அங்கே திருப்பம் என்று ஒன்றுமில்லை. இரண்டு அட்டைப் பட்டைகளை ஒரு குண்டூசியால் இணைத்துப் பழைய பாலத்தையும், ஓர் அளவுகோலை இரு கைகளால் கிடையாகத் தூக்கிப் புதிய பாலத்தையும் செய்துகாட்டச் சொன்னால், எதில் கோணம் உண்டு, எதில் இல்லை என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். பாலத்தின் இரும்புச் சட்டங்கள் ஏன் முக்கோண முக்கோணமாகக் கோக்கப்பட்டிருக்கின்றன என்ற கேள்விக்கு வால்வுக் குழாய்ச் செயலே விடை தருகிறது.

கோணத்தில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் செய்யும் ஒரு பிழை உண்டு. கோடுகள் நீளமாக இருந்தால் கோணம் பெரியது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு புத்தகத்திலும், குறுகிய கைகளைக் கொண்ட பெரிய கோணமும் நீண்ட கைகளைக் கொண்ட சிறிய கோணமும் அருகருகே வரையப்பட்ட படம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதைக் குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதுங்கள். அந்தப் படத்தை நீங்கள்தான் கரும்பலகையில் போட வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: படங்களை எண்ணுதல், வரையறைகளைச் சோதித்தல்

எழுத்தை விடப் படமே தொடக்க வகுப்பில் அதிகம் கற்பிக்கிறது. அதனால் படங்களைத் தனியாக ஆராய வேண்டும். ஒரு புத்தகத்தின் வடிவியல் பக்கங்களில் உள்ள முக்கோணங்கள் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றின் அடிப்பக்கமும் தாளின் கீழ் ஓரத்துக்கு இணையாக இருக்கிறதா, மூன்று பக்கமும் ஏறக்குறைய சமமாகத் தெரிகிறதா என்று இரண்டே கேள்விகளைக் கேட்டுக் கோடு போட்டு எண்ணுங்கள். ஏறக்குறைய எல்லாமே நிமிர்ந்து நிற்கும் சமபக்க முக்கோணங்களாக இருந்தால், அந்தப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளை தலைகீழாகக் கிடக்கும் ஒல்லியான முக்கோணத்தை முக்கோணம் அன்று என்று சொல்லும். சாய்த்து வரைந்த சதுரத்தை 'டைமண்ட்' என்று சொல்லும் பிள்ளைகளை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம். அமெரிக்கத் தரநிலை மழலையர் வகுப்பிலேயே, எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் எந்த அளவில் இருந்தாலும் வடிவத்தின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, தவறான எடுத்துக்காட்டுகள். மூன்று நேர்கோடுகளால் அடைபட்ட வடிவம் முக்கோணம் என்று சொன்னவுடன், ஒரு மூலை மூடாமல் விட்ட வடிவம், ஒரு பக்கம் வளைந்த வடிவம், மூலை மழுங்கிய வடிவம் ஆகியவற்றையும் கலந்து கொடுத்து, எவை முக்கோணம், எவை அல்ல, ஏன் அல்ல என்று கேட்கும் பயிற்சி ஜப்பானிய இரண்டாம் வகுப்பு நூலில் உண்டு. ஏன் அல்ல என்ற கேள்விதான் வரையறையைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறது. சரியான படங்களை மட்டுமே காட்டும் நூலில் பிள்ளை வரையறையை மனப்பாடம் செய்யும், பயன்படுத்தாது. நம் நூலில் இத்தகைய பயிற்சி எத்தனை என்று பாருங்கள். குறைவாகத் தோன்றினால் கால் மணி நேரத்தில் நீங்களே பத்துப் படம் வரைந்துவிடலாம்.

மூன்றாவது சோதனை சதுரத்தைப் பற்றியது. சதுரம் ஒரு செவ்வகமா? நான்கு மூலையும் செங்கோணமாக உள்ள நாற்கரம் செவ்வகம் என்றால், சதுரமும் செவ்வகமே. எதிர்ப்பக்கங்கள் சமம், அடுத்துள்ள பக்கங்கள் சமமில்லை என்று ஒரு நூல் சொல்லிவிட்டால், சதுரம் வெளியே போய்விடும். பிள்ளை மேல் வகுப்புக்குப் போகும்போது அதை அழித்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். அமெரிக்கத் தரநிலை ஐந்தாம் வகுப்பில் வடிவங்களை இப்படி ஒன்றனுள் ஒன்றாக வகைப்படுத்தச் சொல்கிறது. நீங்கள் பார்க்கும் நூலில் வரையறை வாக்கியம் எதுவோ அதைச் சொல் மாறாமல் குறிப்பேட்டில் எழுதுங்கள். சுருக்கி எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

பயிற்சி வினாக்களைத் தரம் பிரிக்க ஒரு கருவி வேண்டுமல்லவா? அதற்கு நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே கெல்டாஃப் என்னும் ஆசிரியத் தம்பதியர் 1957இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடுகளில் வகுத்த படிநிலைகளையே நான் நம்புகிறேன். அவர்கள் வகுத்தவற்றுள் முதல் மூன்றும் தொடக்கப்பள்ளிக்குப் போதும். முதல் நிலையில் பிள்ளை வடிவத்தை அதன் தோற்றத்தால் அறிகிறது: கதவு மாதிரி இருக்கிறது, அதனால் செவ்வகம். இரண்டாம் நிலையில் பண்புகளால் அறிகிறது: நான்கு செங்கோணம் இருக்கிறது, அதனால் செவ்வகம். மூன்றாம் நிலையில் பண்புகளுக்கு இடையே தொடர்பு காண்கிறது: சதுரத்துக்கும் நான்கு செங்கோணம் உண்டு, அதனால் அதுவும் செவ்வகம். ஆசிரியர் மூன்றாம் நிலையில் பேசி, பிள்ளை முதல் நிலையில் கேட்டுக்கொண்டிருந்தால் இருவருக்கும் இடையே புரிதல் நிகழாது என்பது அவர்களின் முடிவு. ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் 1, 2, 3 என்று எழுதிக்கொண்டே போங்கள். ஒரு நூல் 1இலிருந்து நேராக 3க்குத் தாவும் இடமே உங்கள் வகுப்பில் பிள்ளைகள் வாயடைத்துப்போகும் இடம்.

ஆறாம் படி: கடற்கரையின் பொருள்களைக் கொண்டு சோதித்தல்

ஒப்பீட்டில் கிடைத்ததை நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நடத்திப் பார்க்காமல் விட்டால் எல்லாம் தாளோடு நின்றுவிடும். என்.சி.இ.ஆர்.டி.யின் முந்தைய ஐந்தாம் வகுப்பு நூல் கடலையும் மீனவர் வாழ்வையும் பற்றிய பாடத்தில்தான் தொடங்குகிறது. சதுரத்தையும் முக்கோணத்தையும் கொண்டு மீன் வரையும் செயலும் அதில் உண்டு. ஆனாலும் நம் கரையில் அதை விட ஆழமான வடிவியல் பொருள் ஒன்று கொட்டிக் கிடக்கிறது. அது வலையின் கண்ணி.

கிழிந்த வலைத் துண்டு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கண்ணியின் நான்கு பக்கங்களும் சமம். முடிச்சுக்கு முடிச்சு அளந்து பார்க்கலாம். இழுக்காமல் பரப்பி, மூலைகள் செங்கோணமாகும்படி குண்டூசியால் பலகையில் குத்தினால் அது சதுரம். எதிரெதிர் முடிச்சுகள் இரண்டைப் பிடித்து மெல்ல இழுத்தால் அது சாய்சதுரம். இன்னும் இழுத்தால் மெலிந்து ஒரே கோடாகிவிடும். இந்த மாற்றம் முழுவதிலும் பக்க நீளம் மாறவில்லை, சுற்றளவு மாறவில்லை, கோணம் மட்டுமே மாறியது. நான்கு பக்கமும் சமமாக இருந்துவிட்டால் சதுரம் ஆகிவிடாது, செங்கோணமும் வேண்டும் என்பதைப் பிள்ளை தன் விரலால் கண்டுகொள்கிறது. 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள கண்ணி சதுரமாக விரிந்திருக்கையில் அதன் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர். ஒரு கோணம் 30 பாகை ஆகும்வரை இழுத்தால் பரப்பு அதில் சரிபாதியான 12.5 ஆகிவிடும். கட்டத்தாளின் மேல் கண்ணியை வைத்துக் கட்டங்களை எண்ணச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் இதற்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள். சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் பரப்பளவு ஒன்றாக இருக்காது என்னும் உண்மையை இத்தனை நேராகக் காட்டும் பொருளை நான் எந்த நாட்டுப் பாடநூலிலும் கண்டதில்லை. கண்ணியின் அளவைச் சொல்லும்போது மீனவர்கள் அதை இழுத்துப் பிடித்து எதிர் முடிச்சுகளுக்கு இடையே அளப்பதன் காரணமும் பிள்ளைகளுக்கு அப்போது விளங்கும்; முழுவதும் இழுத்த நிலையில் அந்த நீளம் ஒரு பக்கத்தின் இரு மடங்கு, அதற்கு மேல் வலை கொடுக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஊர்ப் பொருள் என்பதற்காகவே எதையும் வடிவியலுக்குள் இழுத்துவரக் கூடாது. சங்கைக் காட்டிக் கூம்பு என்று சொல்லாதீர்கள். அது சுருள்வது, கூம்பு சுருள்வதில்லை. காற்றில் புடைத்த படகுப் பாயை முக்கோணம் என்று சொல்லாதீர்கள். தரையில் விரித்த பாயின் ஓரங்கள் நேராக இருந்தால் அது முக்கோணம், காற்று நிறைந்ததும் அதன் பரப்பு வளைந்துவிடுகிறது. இவற்றைத் தவறான எடுத்துக்காட்டுகளின் வரிசையில் வைத்து, ஏன் அல்ல என்று கேட்டால் நல்ல பாடம் கிடைக்கும். பனையோலைப் பெட்டி, மூலை செங்கோணமா என்று பார்க்கப் படகு கட்டும் ஆசாரி வைத்திருக்கும் மூலைமட்டம், தூக்குக்குண்டு ஆகியவை எவ்விதத் தயக்கமுமின்றிப் பயன்படுத்தத்தக்கவை. மூலைமட்டத்தையும் ஜப்பானியப் பாடத்தின் மடித்த தாளையும் அருகருகே வைத்துப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: இலங்கை நூலைப் படிக்கும்போது

தமிழ்தானே என்று வேகமாகப் படித்துவிட முடியாது. நாம் முக்கோணம் என்பதை அங்கே முக்கோணி என்றும், நாற்கரத்தை நாற்பக்கல் என்றும், இணையை சமாந்தரம் என்றும், பட்டகத்தை அரியம் என்றும் எழுதுகிறார்கள். வடிவியல் அங்கே கேத்திரகணிதம். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இரு நிரல்களாக இவற்றை எழுதிக்கொண்டே வாருங்கள். இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் தங்கியிருக்கும் மண்டபம் மறுவாழ்வு முகாமைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவர்களுக்கு இந்தப் பக்கம் நேரடியாகவே உதவும், ஏனெனில் வீட்டில் பெரியவர்கள் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது பழகிய சொல் அதுவாக இருக்கக்கூடும். பிள்ளை முக்கோணி என்று சொன்னால் திருத்த வேண்டாம். இரண்டும் சரி என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள்.

எட்டாம் படி: எழுதிவைத்தல்

நீண்ட கோடு போட்ட குறிப்பேடு ஒன்றே போதும். ஒரு கருத்துக்கு இரண்டு பக்கங்கள். மேலே கருத்தின் பெயர்; இடது ஓரத்தில் வயது; அதற்கு நேராக ஒவ்வொரு நூலிலும் முன் சொன்ன நான்கு இடங்கள், பக்க எண்ணோடும் பதிப்பு ஆண்டோடும். பதிப்பு ஆண்டை விட்டுவிடாதீர்கள். மறுபதிப்பில் பக்கங்கள் மாறும், சில சமயம் பயிற்சிகளும் மாறும். அதன் கீழே, உங்கள் சொந்த முடிவாக மூன்றே வரிகள்: நம் நூலில் எதை அப்படியே வைத்துக்கொள்வது, எதற்கு முன்னால் ஒரு கைச்செயலைச் சேர்ப்பது, எந்தப் படத்தைப் புதிதாக வரைவது. நான்காவதாக ஒரு வரி எழுதத் தோன்றினால் எழுதாதீர்கள். ஒரு பாடத்தில் மூன்று மாற்றங்களுக்கு மேல் செய்தால் எது பயன் தந்தது, எது தரவில்லை என்று பிரித்துப் பார்க்க முடியாது.

வகுப்பு நடந்த பின்பு, பிள்ளைகள் வரைந்த தாள்களில் நான்கைந்தை அதே பக்கத்தில் ஒட்டிவையுங்கள். சரியாக வந்தவற்றை விடத் தவறாக வந்தவையே உங்களுக்கு வேண்டும். நீண்ட கைகளைப் பார்த்துப் பெரிய கோணம் என்று எழுதிய தாள், சாய்ந்த சதுரத்தைச் சேர்க்காமல் விட்ட தாள் ஆகியவை அடுத்த ஆண்டு ஜூனில் அந்தப் பாடத்தை மீண்டும் எடுக்கும்போது முதலில் புரட்ட வேண்டியவை.

கோணம் முடிந்தபின் பரப்பளவை எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானிய நூல்கள் நான்காம் வகுப்பில் செவ்வகத்தின் பரப்பையும், ஐந்தாம் வகுப்பில் இணைகரத்தையும் முக்கோணத்தையும் வெட்டி ஒட்டி அதே செவ்வகமாக மாற்றிக் காணும் பரப்பையும் சொல்லித்தருகின்றன. அந்த இரண்டு பாடங்களையும் நம் நான்கு, ஐந்தாம் வகுப்பு நூல்களின் அளவைகள் அலகோடு சேர்த்து வைத்துப் படியுங்கள். வாலிநோக்கம் பக்கத்துப் பிள்ளைகளாக இருந்தால் உப்பளப் பாத்திகளை அளந்துவரச் சொல்லலாம். பாத்தியின் நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளந்து வந்த பிள்ளைகளுக்கு, ஒரே பாத்திக்கு ஆளுக்கோர் எண் வந்திருக்கும். பொதுவான அலகு எதற்கு என்னும் கேள்வி அப்போது அவர்களிடமிருந்தே வரும்; மீட்டர் கோலை அதற்குப் பிறகு எடுத்துக் கொடுங்கள்.